பொது அலுவலகமும் பொதுக் குரலும்: பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய உள்ளாட்சிகளின் கூட்டுப் பிரதிநிதித்துவம்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் கொள்கை முடிவுகளில் இடம்பெற விரும்பும் உள்ளாட்சி மன்றங்கள் பல, பிரஸ்ஸல்ஸ் நகரில் கூட்டாக அலுவலகம் நடத்தி வருகின்றன. செலவைப் பகிர்வதே இவ்வேற்பாட்டின் முதன்மை நோக்கமாகப் பெரும்பாலும் கருதப்படுகிறது. செலவைப் பகிர்தல் எளிது. குரலைப் பகிர்தல் அத்துணை எளிதன்று. உறுப்பு மன்றங்கள் ஒரே விதிக்குக் கட்டுப்படும்போதோ, ஒரே குறைபாட்டால் வாடும்போதோ கூட்டு அலுவலகம் வலுப்பெறுகிறது. ஒரே நிதிக்காகத் தம்முள் போட்டியிடும்போது வலுவிழக்கிறது. இக்கருத்தைக் கழிவு மேலாண்மை, பொதுக் கொள்முதல், நிலக்கரிப் பகுதிகளுக்கான உதவி, வட ஐரோப்பாவின் மக்கள்தொகை அருகிய பகுதிகள் ஆகிய நான்கு சான்றுகளின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உள்ளாட்சி, ஐரோப்பிய ஒன்றியம், பிரஸ்ஸல்ஸ், கூட்டுப் பிரதிநிதித்துவம், வட்டாரக் கொள்கை.

முன்னுரை

அயலுறவு நடுவண் அரசின் உரிமை என்பது அரசியல் அறிவியலின் பழைய பாடம். அப்பாடத்திற்கு உட்படாத ஒரு காட்சியைப் பிரஸ்ஸல்ஸில் காணலாம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் 1984ஆம் ஆண்டிலேயே அங்குத் தன் அலுவலகத்தைத் திறந்தது. 1985இல் செருமானிய மாநிலங்களான ஹாம்பர்க்கும் சார்லாந்தும் அவ்வழியைப் பின்பற்றின. ஹாம்பர்க்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனும் இணைந்து நடத்தும் ‘ஹான்சா அலுவலகம்’ இரு அரசுகள் ஒரே கூரையின்கீழ் இயங்குவதற்கு நெடுநாளைய சான்றாகும். டென்மார்க்கின் நடு வட்டாரமும் அதன் 19 நகராட்சிகளும் சேர்ந்து ஓர் அலுவலகத்தை உடைமையாகக் கொண்டுள்ளன. தனித்து அலுவலகம் நடத்த இயலாத சிறு நகராட்சிக்கும் இக்கூட்டுடைமையால் பிரஸ்ஸல்ஸில் ஒரு முகவரி கிட்டுகிறது. அம்முகவரி எப்போது செல்வாக்காக மாறுகிறது என்பதே இங்கு எழும் வினா.

உள்ளாட்சிகள் பிரஸ்ஸல்ஸை நாடிய காரணம்

இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது நிதி. 1988ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்வழி ஐரோப்பியக் கட்டமைப்பு நிதிகளின் அளவை இருமடங்காக்க முடிவாயிற்று. அந்நிதிகளைத் திட்டமிடுவதிலும் செலவிடுவதிலும் ஐரோப்பிய ஆணையம், உறுப்பு நாடு, வட்டார அல்லது உள்ளூர் அமைப்பு ஆகிய மூன்றும் கூட்டாளிகளாக இருத்தல் வேண்டும் என்னும் கோட்பாடும் அப்போது இடம்பெற்றது. தலைநகரின் வழியாக மட்டுமே ஐரோப்பாவை அறிந்திருந்த நகராட்சிக்கு இது ஒரு நேர்வழியைத் திறந்துவிட்டது. இம்மாற்றத்தை விளக்கவே கேரி மார்க்ஸ் 1990களின் தொடக்கத்தில் ‘பல்நிலை ஆளுகை’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். லீஸ்பெட் ஹூகியுடன் இணைந்து அவர் பின்னர் அதனை விரிவாக்கினார்.

இரண்டாவது காரணம் சட்டம். ஒன்றியம் இயற்றும் நெறியாணைகளை நடைமுறைப்படுத்தும் சுமை பலவிடங்களில் உள்ளாட்சிகளின் தோளில் விழுகிறது. 1999ஆம் ஆண்டின் குப்பை நிரப்பு நில நெறியாணை இதற்குத் தக்க சான்று. மக்கும் நகரக் கழிவில் நிலத்தில் கொட்டப்படும் அளவை, 1995ஆம் ஆண்டின் கழிவளவோடு ஒப்பிட்டு, 2006இல் 75 விழுக்காடாகவும், 2009இல் 50 விழுக்காடாகவும், 2016இல் 35 விழுக்காடாகவும் குறைக்க வேண்டும் என அது விதித்தது. நிரப்பு நிலத்தையே பெரிதும் நம்பியிருந்த பிரித்தானியா போன்ற நாடுகளுக்கு ஒவ்வோர் இலக்கிலும் நான்காண்டுவரை கூடுதல் காலம் பெற இடமிருந்தது. இங்கிலாந்தில் 2005 முதல் ஒவ்வொரு கழிவு அகற்றும் மன்றத்திற்கும் அளவு ஒதுக்கப்பட்டது; அதனை மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 150 பவுண்டு தண்டத்தொகை விதிக்கலாம் என்றாயிற்று. நெறியாணைக்கு வாக்களித்தவர்கள் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள். தண்டத்தொகைக்கு அஞ்சியவர்கள் நகர மன்றத்தார்.

பிரித்தானியாவின் 2011ஆம் ஆண்டு உள்ளூர்ச் சட்டம் இவ்விடைவெளியை மேலும் தெளிவாக்கியது. ஐரோப்பிய நீதிமன்றம் நாட்டின்மீது விதிக்கும் தண்டத்தொகையில் ஒரு பங்கை, அதற்குக் காரணமான பொது அமைப்பிடமிருந்து பெற அமைச்சர்களுக்கு அச்சட்டம் அதிகாரம் அளித்தது. ஒரு விதியின் விலையைச் செலுத்த வேண்டியவர், அவ்விதி எழுதப்படும் மேசைக்கு அருகில் இருக்க விழைவது இயல்பே.

கூட்டு அலுவலகம் இயங்கும் முறை

ஐரோப்பியச் சட்ட முன்வரைவை முன்வைக்கும் உரிமை பெரும்பாலும் ஆணையத்திற்கே உரியது. ஆணையத்தின் அலுவலர்கள் வரைவை உருவாக்கும் தொடக்கக் காலத்தில் அளிக்கப்படும் ஒரு தரவு, பின்னாளில் நாடாளுமன்றத்தில் முன்மொழியப்படும் பல திருத்தங்களைவிடப் பயன்மிக்கதாக அமையக்கூடும். ஆகவே கூட்டு அலுவலகத்தின் முதற்பணி முன்கூட்டியே அறிதல். அடுத்த பணி, உறுப்பு மன்றங்களிலிருந்து செலவு, பணியாளர், நடைமுறை இடர் முதலியன பற்றிய சான்றுகளைத் திரட்டி ஆணையத்திற்கு அளித்தல். அதன்பின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திருத்தங்களை வரைந்து கொடுத்தலும் பிற நாட்டு உள்ளாட்சிகளிடையே கூட்டாளிகளைத் தேடுதலும் தொடர்கின்றன.

மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை உருவாக்கிய வட்டாரங்களின் குழு 1994 மார்ச்சில் முதன்முறை கூடியது. இன்று 329 உறுப்பினர்களைக் கொண்ட இக்குழுவின் கருத்துரைகள் அறிவுரையளவில் நிற்பவை. அவற்றை ஏற்கும் கடமை ஆணையத்திற்கு இல்லை. எனினும் 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை, துணைமைக் கோட்பாடு மீறப்பட்டதாகக் கருதினால் நீதிமன்றத்தை அணுகும் உரிமையை இக்குழுவுக்கு அளித்தது. கீழ்நிலையில் போதிய அளவு செய்ய இயலும் பணியை மேல்நிலை மேற்கொள்ளலாகாது என்பதே துணைமைக் கோட்பாடு. குழுவின் கூட்டங்களுக்கு வரும் மேயர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வேண்டிய குறிப்புகளை ஆயத்தம் செய்வதிலும் கூட்டு அலுவலகங்களுக்குப் பங்குண்டு.

குரல் ஒன்றுபடும் இடங்கள்

பொதுக் கொள்முதல் சட்டம், உள்ளாட்சிகளின் நலன் இயல்பாக ஒன்றுபடும் களம். நகராட்சி தனக்குச் சொந்தமான நிறுவனத்திற்கு ஏலமின்றிப் பணி வழங்கலாமா என்னும் வினாவுக்கு, 1999ஆம் ஆண்டு டெக்கால் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சில வரையறைகளுடன் இசைவளித்தது. அடுத்த வினா, இரு மன்றங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாமா என்பது. ஹாம்பர்க்கைச் சூழ்ந்த நான்கு மாவட்டங்கள், ஆண்டுக்கு 1,20,000 டன் கழிவை அந்நகரின் எரியாலைக்கு அனுப்ப ஏலமின்றி உடன்பட்டிருந்தன. ஆணையம் செருமனியின்மீது வழக்குத் தொடுத்தது. 2009 ஜூனில் நீதிமன்றம் ஆணையத்தின் வாதத்தை ஏற்காது வழக்கைத் தள்ளியது. உள்ளாட்சி அமைப்புகள் வேண்டிநின்ற சட்டத் தெளிவு 2014ஆம் ஆண்டின் கொள்முதல் நெறியாணையில், பொது அமைப்புகளுக்கிடையிலான ஒத்துழைப்பைப் பற்றிய 12ஆம் உறுப்பாக இடம்பெற்றது. இவ்விதி தளர்வதால் எந்த நகராட்சிக்கும் இழப்பில்லை. ஒருவர் பெறும் நன்மை மற்றவருடையதைக் குறைக்காத இத்தகைய களத்தில் பொதுக்குரல் தடையின்றி எழுகிறது.

நிதிப் பங்கீட்டிலும் சில வேளைகளில் குரல் ஒன்றுபடுவதுண்டு. பிரித்தானிய நிலக்கரிப் பகுதி மன்றங்கள் 1985இல் ஓர் இயக்கமாக ஒன்றிணைந்தன. சுரங்கங்கள் மூடப்பட்ட பகுதிகளுக்கென ‘ரேஷார்’ என்னும் ஐரோப்பிய உதவித்திட்டம் 1989 டிசம்பரில் ஏற்கப்பட்டதில் இவ்வியக்கத்தின் பங்கு பெரிது. திட்டநிதி உள்நாட்டு ஒதுக்கீட்டோடு கூடுதலாகச் சேரவேண்டுமேயன்றி, அதற்கு மாற்றாகலாகாது என்பது ஒன்றியத்தின் விதி. பிரித்தானிய அரசு இவ்விதியைப் பின்பற்றவில்லை எனக் கருதிய வட்டாரக் கொள்கை ஆணையர் புரூஸ் மில்லன் அந்நாட்டுக்குரிய நிதியை நிறுத்திவைத்தார். மன்றங்கள் தம் நாட்டரசின் பக்கம் நில்லாமல் ஆணையத்தின் பக்கம் நின்றன. 1992 பிப்ரவரியில் அரசு தன் கணக்குமுறையை மாற்ற இசைந்தது. இவ்வியக்கத்தின் தலைமையிடம் பிரஸ்ஸல்ஸில் இல்லை; யார்க்ஷயரின் பார்ன்ஸ்லி நகரில் இருந்தது. செல்வாக்கின் ஊற்று முகவரியைவிட உறுப்பினர்க்குப் பொதுவான இழப்பிலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

வட ஐரோப்பாவின் பட்டறிவும் இதனையே காட்டுகிறது. சுவீடனும் பின்லாந்தும் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, சதுர கிலோமீட்டருக்கு 8 பேர் அல்லது அதற்கும் குறைவானோர் வாழும் பகுதிகளுக்கெனத் தனி உதவிப்பிரிவு ஏற்பட்டது. வட சுவீடனின் ஐரோப்பிய அலுவலகம், கிழக்கு மற்றும் வட பின்லாந்தின் அலுவலகம், ஒன்றியத்தின் உறுப்பல்லாத நார்வேயின் வடபகுதி ஆகியவை 2004 முதல் ஒரே வலையமைப்பாக இயங்குகின்றன. லிஸ்பன் உடன்படிக்கைக்குப்பின் ஒன்றியச் செயற்பாட்டு உடன்படிக்கையின் 174ஆம் உறுப்பு, மிகக் குறைந்த மக்களடர்த்தி கொண்ட வடகோடிப் பகுதிகளைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. இப்பகுதிகளுக்குரிய சிறப்பு ஒதுக்கீடு 2007–2013 காலத்தில் தலைக்கு ஆண்டுக்கு 35 யூரோவாகவும், 2014–2020 காலத்தில் 30 யூரோவாகவும் இருந்தது. உடன்படிக்கையில் இடம்பெற்ற பின்னரும் தொகை நிலைபெறவில்லை. ஒவ்வொரு நிதித்திட்டக் காலத்திலும் அதனை மீண்டும் காக்க வேண்டியுள்ளது. இடைவிடாது இயங்கும் அலுவலகத்தின் தேவையை இது உணர்த்துகிறது.

குரல் பிளவுபடும் இடங்கள்

தலா உள்நாட்டு உற்பத்தி ஒன்றியச் சராசரியின் 75 விழுக்காட்டுக்கும் குறைவான வட்டாரங்களே மிகுதியான உதவி பெறத் தகுதியுடையன என்பது வட்டாரக் கொள்கையின் நெடுநாளைய அளவுகோல். அதற்குக் கீழுள்ள மன்றமும் மேலுள்ள மன்றமும் ஒரே அலுவலகத்தின் உறுப்பினராயின், அவ்வளவுகோல் பற்றி அவ்வலுவலகம் எதனைக் கூற இயலும்? பெரும்பாலும் யாருக்கும் ஊறு செய்யாத பொதுக் கூற்றே அறிக்கையாக எஞ்சும். பணியாளர்கள் கொள்கைப் பணியை விடுத்துச் செய்தி திரட்டுவதிலும், வருகை தரும் குழுக்களை வரவேற்பதிலும் காலம் கழிக்க நேரும். ஒரு பெருநகரமும் பல சிற்றூர்களும் இணையுமிடத்தில், மிகுதியாகப் பணம் செலுத்துபவரின் நலனே பொதுநலன் எனப்படும் இடரும் உண்டு.

பொறுப்புடைமையும் இங்குக் கருதத்தக்கது. தனி அலுவலகம் தன் மன்றத்திற்கு விடை கூறும். பல மன்றங்களின் அலுவலகம் எம்மன்றத்தின் கூட்டத்திலும் விரிவாக ஆராயப்படாமல் போகக்கூடும். உறுப்பு மன்றங்கள் ஆண்டுதோறும் கூடித் தம் முன்னுரிமைகளை வரையறுத்து, எவ்வெவற்றில் பொதுநிலைப்பாடு இல்லை என்பதையும் எழுத்தில் பதிவுசெய்தல் இக்குறையை ஓரளவு நீக்கும்.

உறுப்புரிமை இழப்பின் பின்

2020 ஜனவரி 31இல் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியதால், வட்டாரங்களின் குழுவில் அதற்கிருந்த 24 இடங்களும் நீங்கின. அந்நாட்டு உள்ளாட்சிகளின் பிரஸ்ஸல்ஸ் அலுவலகங்களுக்கு அடிப்படையான காரணமே கேள்விக்குள்ளாயிற்று. எனினும் நார்வேயின் நிலை வேறொன்றைக் கற்பிக்கிறது. உறுப்பு நாடாக இல்லாதபோதும் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பின்வழி ஒன்றியச் சட்டங்கள் பல அந்நாட்டு நகராட்சிகளைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே ஆஸ்லோ வட்டாரம் பிரஸ்ஸல்ஸில் அலுவலகம் நடத்துகிறது. வாக்குரிமை இல்லாதவர்க்கு முன்னறிதலும் சான்றளித்தலுமே எஞ்சிய கருவிகள்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், கூட்டு அலுவலகத்தின் வலிமை உறுப்பினர் எண்ணிக்கையாலோ அதன் அமைவிடத்தாலோ தீர்மானிக்கப்படுவதில்லை என்பது பெறப்படுகிறது. பொதுவான விதிச்சுமையும் பொதுவான இழப்புமே அதனை வலுப்படுத்துகின்றன. எனவே இணைய எண்ணும் மன்றங்கள், வாடகையில் ஒவ்வொருவரின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுமுன், தாம் அனைவரும் ஒருங்கே கோரத்தக்கது எது என்பதைத் தெளிதல் வேண்டும். அக்கோரிக்கை இல்லாதவிடத்து, பகிரப்படுவது அலுவலகத்தின் செலவு மட்டுமே.