பட்டர் ஃபுரூட் துவையல் அரைப்போமா?



பூம்புகார் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா, "காசு கொடுத்து பட்டர் ஃபுரூட் வாங்கினேன். வெட்டினா கல்லு மாதிரி இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்று வருத்தப்பட்டார். பழத்தின் மேல் குற்றமில்லை. கொடைக்கானல் கீழ்மலையில் விளையும் இந்தப் பழம் மரத்திலேயே பழுக்காது. பறித்த பிறகுதான் பழுக்கும். காயாக வாங்கினால் அரிசி டின்னில் வாழைப்பழத்தோடு சில நாள் வையுங்கள். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், சில ரகம் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும்.

மெக்சிகோ நாட்டில் இதில் செய்யும் துவையலுக்கு குவாக்கமோலே என்று பெயர். (நம் மிளகாயும் தக்காளியும்கூட அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான்!) இரண்டு பழத்தின் சதையைக் கரண்டியால் வழித்து, மத்தால் மசியுங்கள். மிக்சி வேண்டாம், கூழாகிவிடும். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், விதை எடுத்த தக்காளி, கொத்தமல்லி, உப்பு சேர்த்து அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் வைக்கக் கூடாது, சூடு பட்டால் கசக்கும். தோசை, சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

காற்றுப் பட்டால் கறுக்கும். எலுமிச்சை அதைத் தள்ளிப்போடும், தடுக்காது. ஆகவே ஊறுகாய் மாதிரி பாட்டிலில் அடைத்து விற்கலாமே என்று எந்தக் குழுவும் முதல் போட வேண்டாம். அன்றே செய்து அன்றே சாப்பிடுவது இது.

முக்கியமான ஒன்று: தோல், கொட்டை, இலை எதையும் ஆடு, மாடு, கோழிக்குப் போடாதீர்கள். அவற்றுக்கு அது விஷம். பால் மடி வீங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.