உங்களுக்குத் தெரியுமா? 250 வாட்டைத் தாண்டினால் அது சைக்கிள் இல்லை!

● மின்சார சைக்கிள் நேற்று வந்த சமாசாரம் இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்ட்டன் 1895 டிசம்பர் 31 அன்றே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார், 10 வோல்ட் பேட்டரி, 100 ஆம்பியர் வரை மின்னோட்டம். பெருக்கினால் 1,000 வாட்! அதே வண்டியை இன்று செய்து அண்ணா சாலையில் இறக்கினால், நம்பர் பிளேட் எங்கே, ஆர்.சி. எங்கே என்று கேட்பார்கள். "சைக்கிள்தானே சார்" என்ற பதில் எடுபடாது.

● கடை வாசலில் "ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்" என்று பேனர் கட்டியிருக்கிறார்களே, அந்தச் சலுகை எங்கிருந்து வருகிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 2-ஆம் விதியில் (யு) என்ற உட்பிரிவிலிருந்து. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழே. பேட்டரியைக் கழித்துவிட்டு எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒழுங்கான பிரேக், முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் ஒளி திருப்பிகள். இவையெல்லாம் சரியாக உள்ளன என்று புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் ஒன்று சான்று தர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது முழு மோட்டார் வாகனம். நடுவில் "பாதி சைக்கிள், பாதி பைக்" என்று எந்த வகையும் கிடையாது.

● பெடல் உள்ள சைக்கிளாக இருந்தால் இன்னொரு நிபந்தனையும் உண்டு. வேகம் ஏற ஏற மோட்டாரின் உதவி குறைந்துகொண்டே வந்து, 25 கி.மீ.யில் முற்றிலும் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை அதற்கு முன்பே நிறுத்தினால் மோட்டாரும் நிற்க வேண்டும்.

● விளம்பரத்தில் வரும் வாட் வேறு, சட்டம் கேட்கும் வாட் வேறு! மோட்டார் அரை மணி நேரம் விடாமல் தரக்கூடிய திறனைத்தான் விதி கணக்கில் எடுக்கிறது. மேம்பாலம் ஏறும்போது சில நொடிகள் பாய்ச்சும் உச்சத் திறன் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். விற்பவர் பெருமைக்கு உச்சத்தைச் சொல்வார், பேப்பருக்கு அரை மணிக் கணக்கைச் சொல்வார். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

● அதென்ன 250 வாட், 25 கி.மீ. என்று ஒரு கோடு? எதிர்க்காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தோடு சேர்ந்து ஒரே சீராக ஏறுவதில்லை. வேகம் இரு மடங்கானால் அந்தத் திறன் எட்டு மடங்கு வேண்டும். சமதளச் சாலையில் 25 கி.மீ.க்கு 250 வாட்டே போதும். 50 கி.மீ. போக ஆயிரம் வாட்டுக்கு மேல் வேண்டும். ஆக, "250 வாட் வண்டி, 50 கி.மீ. ஸ்பீடு" என்று யாராவது சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.

● எது பொய் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. சீட்டைத் தூக்கினால் கன்ட்ரோலர் என்ற அலுமினியப் பெட்டி பல வண்டிகளில் கண்ணில் படும். அதில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். 48 வோல்ட், 20 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 960 வாட் வரை மோட்டாருக்குப் போகலாம் என்று அர்த்தம். அது உச்ச அளவுதான். இருந்தாலும், 250 வாட் என்று பில் போட்டவரிடம் நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடும்.

● அதே பெட்டியிலிருந்து வரும் வயர்களில், வேகத்தை 25 கி.மீ.யில் பிடித்து நிறுத்துவதற்கென்றே சில வண்டிகளில் ஒரு வயர் இருக்கும். "அதைக் கழற்றிவிட்டால் பறக்கும் சார்" என்று காதோடு சொல்கிற மெக்கானிக்குகளுக்கு ஊரில் பஞ்சமில்லை. கழற்றும் வேலை ஒரு நிமிடம். ஆனால் அந்த நிமிடத்தோடு சலுகை போய்விடுகிறது; உங்களிடம் இருப்பது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், பதிவில்லாத வண்டி என்பதற்கு முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை, இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு 2,000 ரூபாய் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் தனித்தனியாக அபராதம் உண்டு. பதிவான வண்டியிலேயே அனுமதியில்லாத மாற்றம் செய்தால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதம்கூடச் சின்ன விஷயம். அந்த வண்டி யார் மீதாவது மோதிவிட்டால் என்ன ஆகும்? இழப்பீட்டைத் தீர்மானிப்பது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அடிபட்டவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருப்பவர்கள் என்று பார்த்துத்தான் தொகை சொல்வார்கள். முறையான இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். பதிவே இல்லாத வண்டிக்கு எந்தக் கம்பெனி இன்ஷூரன்ஸ் கொடுக்கும்? வீட்டையோ நகையையோ விற்றுத்தான் கட்ட வேண்டிவரும். ஒரு வயர் விஷயம்தானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

● சரி, சக்தி வாய்ந்த வண்டியே வேண்டும், சட்டப்படியும் ஓட்ட வேண்டும் என்றால்? வழி நேரானது: சோதனை நிலையத்தின் வகை ஒப்புதல் பெற்ற வண்டியை வாங்கி, ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்து, பச்சை நம்பர் பிளேட் மாட்டுவது. பச்சையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. பதிவுச் சான்றுக்கான கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டிலேயே மின்வாகனங்களுக்கு நீக்கிவிட்டது. புகைச் சான்றிதழும் வேண்டாம், புகையே இல்லையே!

● இன்ஷூரன்ஸில் பெட்ரோல் வண்டிக்கு சி.சி. பார்ப்பார்கள், மின்வண்டிக்குக் கிலோவாட். 2022-இல் அறிவித்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஓராண்டுக்கு 3 கிலோவாட் வரை 457 ரூபாய், 7 வரை 607, 16 வரை 1,161, அதற்கு மேல் 2,383. பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டால் 15 சதவீதம் குறைவு. புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும்.

● கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் இருந்தாலே பெரும்பாலான மின்சார பைக்குகளை ஓட்டலாம். கியரும் கிளட்சும் அவற்றில் இல்லை. விதிவிலக்கு, ஆமதாபாத்தின் மேட்டர் நிறுவனம் செய்த ஏரா. நான்கு கியர் வைத்து வந்த மின்சார பைக் அது. அதற்குக் கியர் வண்டி லைசென்ஸ்தான்.

● பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் கவனிக்க: வண்டி 250 வாட் வரம்பைத் தாண்டியதாக இருந்து, 18 வயது நிறையாத பிள்ளை ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், 199ஏ பிரிவு அப்பா அம்மாவின் மேல் பாயும். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "டியூஷனுக்குத்தானே போகிறான்" என்பதைச் சட்டம் காதில் வாங்காது.

● பெங்களூரின் அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2 மணிக்கு 155 கி.மீ. போகும்; 30 கிலோவாட் வரை திறன், 10.3 கிலோவாட் மணி வரை பேட்டரி. நம் சென்னையின் ராப்டீ டி30 மணிக்கு 135 கி.மீ.; காருக்கான சார்ஜரிலேயே செருகிக்கொள்ளலாம். ஆனால் 2018 ஏப்ரலில் மத்திய அரசு போட்ட வேக வரம்பின்படி, நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலையிலும் இருசக்கர வண்டிக்கு 80 கி.மீ.தான் உச்சம். நகராட்சி எல்லைக்குள் 60. அந்தந்த ஊர்ப் போலீஸ் அதற்கும் கீழே குறைக்கலாம். பாதி வேகத்துக்குத்தான் சாலை கொடுக்கிறார்கள், மீதிப் பாதிக்கும் சேர்த்து நாம் காசு கொடுக்கிறோம்!

● பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையின் முக்கியப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. 155 கி.மீ. போகும் வண்டியும் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

● முழு வேகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. அங்கே வேக வரம்பும் இல்லை, எதிரே ஆட்டோவும் வராது.

● சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இங்குள்ள கணக்கை அங்கே போடக் கூடாது. மின்சைக்கிள் 250 வாட், 25 கி.மீ., 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பெடல் மிதித்தால் மட்டுமே மோட்டார் ஓட வேண்டும், கையில் முறுக்கும் ஆக்சிலரேட்டர் இருக்கக் கூடாது. அரசின் ஆரஞ்சு முத்திரையும் நம்பர் பிளேட்டும் கட்டாயம். ஓட்டுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 முதல் எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும்.

● அமெரிக்கா தாராளம்: 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 750 வாட்டுக்குக் கீழே, மோட்டாரில் மட்டும் ஓடும்போது மணிக்கு 20 மைலுக்குக் கீழே இருந்தால் விற்பனைக்கு அது சைக்கிள்தான். அங்கிருந்து உறவினர் வாங்கி அனுப்பும் 700 வாட் சைக்கிள் இங்கே இறங்கியதும் மோட்டார் வாகனமாகிவிடும். பேட்டரியைப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவருவதும் நடக்காது. பயணிகள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு 160 வாட் மணிதான் எல்லை. சாதாரண மின்சைக்கிள் பேட்டரியே 400, 500 வாட் மணி வரும்.

● 2022 கோடையில் மின்வண்டிகள் வரிசையாகத் தீப்பிடித்தது நினைவிருக்கும். அதன் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரித் தரவிதியை இறுக்கினார்கள். பேட்டரியில் சூடு கட்டுமீறத் தொடங்கினால் ஒலியாலும் ஒளியாலும் ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவோர், பேட்டரி எந்த ஆண்டு செய்தது என்று முதலில் பாருங்கள்.

● அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். வகை ஒப்புதல் சான்றின் நகலைக் கேளுங்கள். மோட்டாரின் அரை மணித் திறனையும் சான்றின் எண்ணையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று இழுத்தால், அடுத்த கடையைப் பாருங்கள்.