உங்களுக்குத் தெரியுமா? சிறுவர் கையில் கோல்ப் மட்டை

● கண்டிக்குக் கிழக்கே திகனப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி 18 குழிகள் கொண்ட கோல்ப் மைதானம் இருக்கிறது. 1999இல் திறக்கப்பட்ட இதை வடிவமைத்தவர் டொனால்ட் ஸ்டீல்.

● கோல்ப் தொழில்முறையாளர் என்றால் பரிசுப் பணத்துக்கு ஆடுபவர் மட்டுமல்லர். பயிற்றுவிப்பதையே வாழ்நாள் தொழிலாக்கியவரும்தான். இவர்களுக்கான சங்கம் 1901இல் இலண்டனில் உருவானது.

● பெரியவரின் மட்டையை வெட்டிக் குட்டையாக்கினால் போதாது, கனம் பெரிதாகக் குறையாது. சிறுவருக்கென இலேசான மட்டை வேண்டும்.

● பயிற்றுநர் பலர் குழியருகிலிருந்தே பாடம் தொடங்குவார்கள். பந்து 'டொக்' என்று உள்ளே விழும் ஓசையே பிள்ளையை மறுநாளும் வரவழைக்கும்.

● 2002 பூசான் ஆசிய விளையாட்டில் இலங்கையின் அனுர ரோஹன தனிநபர் கோல்பில் வெள்ளி வென்றார். அடுத்த பதக்கம் கண்டிப் பாடசாலை ஒன்றிலிருந்தும் வரலாம். பிள்ளைகளுக்கு மைதானத்தின் வாசலைத் திறந்துவிடுவோம்.