தாதிமாருக்குப் பட்டப்படிப்பு: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஆஸ்பத்திரிகளில் தாதிமாராக வேலை செய்கிறார்கள். அரசாங்கத் தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படித்து டிப்ளோமா எடுத்தவர்களுக்கு, அடுத்து ஒரு பட்டமும் எடுக்க ஆசை வருவது நியாயமே. ஆனால் "வீட்டில் இருந்தே ஒன்லைனில் படிக்கலாம், சீக்கிரம் பட்டம் கிடைக்கும்" என்ற விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைக்குமுன் சில விடயங்களைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

1. யாருக்கு எந்தப் படிப்பு?

"பக்கத்தில்தானே பேராதனை இருக்கு, அங்கேயே சேரலாமே" என்று பிலிமத்தலாவைப் பக்கத்துப் பெற்றோர் கேட்பதுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம் உயர்தரம் எழுதி இசட் புள்ளியால் தெரிவாகும் பிள்ளைகளுக்கானது. அது நான்கு வருட முழுநேரப் படிப்பு. வேலையை வைத்துக்கொண்டு படிக்க முடியாது. தங்கச்சிக்கு அது பொருந்தும், வேலையில் இருக்கும் அக்காவுக்குப் பொருந்தாது.

அக்காவுக்கான வழி இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியோடு, பயிற்சி பெற்ற தாதிமாருக்கென்றே 1994இல் இந்தப் பட்டத்தை அது தொடங்கியது. அதன் கண்டி பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் உள்ளது.

2. அங்கீகாரம் உண்டா?

தனியார் நிறுவனம் என்றால், பட்டம் வழங்கும் அனுமதி பாடநெறிக்குப் பாடநெறி தனித்தனி. கம்ப்யூட்டர் படிப்புக்கு அனுமதி இருப்பதால் தாதியியலுக்கும் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பட்டம் என்றால் கொழும்பு 7, வோர்ட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். முகவர் வாயால் சொல்வது போதாது, எழுத்தில் வேண்டும்.

3. டியூட்டியோடு ஒத்துவருமா?

தொலைக்கல்வி என்றால் வீட்டிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்பதில்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் ஒப்படைகள் உண்டு, நேரில் போகும் வகுப்புகளும் உண்டு. தொடர் மதிப்பீட்டில் தேறினால்தான் இறுதிப் பரீட்சைக்கு உட்காரலாம். எந்த வகுப்பு பொல்கொல்லையில், எது கொழும்புப் பக்கம் நாவலையில் என்று முதலிலேயே கேளுங்கள். நைட் டியூட்டி முடித்து பஸ் பிடித்துப் போக வேண்டிவரும். வார்ட்டில் பொறுப்பாக இருக்கும் மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆங்கிலம் குறைவானவர்கள் சேருமுன்பே அதைக் கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும்.

4. வெளிநாட்டு வேலைக்கு?

பட்டம் வேறு, தாதியாக வேலை செய்யும் பதிவு வேறு. அமெரிக்காவில் தாதிமாருக்கு நடக்கும் ஒன்லைன் பட்டங்களில் பெரும்பாலானவை அந்நாட்டில் ஏற்கனவே பதிவு பெற்றவர்களுக்கானவை. அதைப் படித்ததால் மட்டும் அங்கே வேலை கிடைக்காது. எந்த நாட்டுக்குப் போக நினைக்கிறீர்களோ, அந்த நாட்டுத் தாதியர் சபை எதை ஏற்கிறது என்று முதலில் பாருங்கள்.

5. மொத்தச் செலவு எவ்வளவு?

முதல் தவணையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பதிவு, பரீட்சை, புத்தகம், பஸ் செலவு, திரும்ப எழுதினால் கட்டணம், இடையில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாமல் "இன்றைக்கே கட்டினால் கழிவு" என்று அவசரப்படுத்தும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. கேட்டுப் பார்த்துக் கட்டுவதில் வெட்கமில்லை.