மீட்டர் ஓடுது, பாடுங்க!

ஸ்டுடியோ வாடகை ஆட்டோ மீட்டர் மாதிரி சார்! பாடினாலும் ஓடும், இருமினாலும் ஓடும்.

மனைவியின் வளையலை அடகு வைத்து ஆல்பம் போடக் கிளம்பிய நண்பன், 'பி.காம். படிச்சவனாச்சே' என்று என்னை மேனேஜராக்கினான். முதல் இரண்டு மணி நேரம் 'எந்தச் சுருதி?' பட்டிமன்றத்திலேயே போச்சு. உச்சஸ்தாயிப் பாட்டை முதலில் பாடித் தொண்டையும் போச்சு!

1963 பிப்ரவரி 11-ம் தேதி, லண்டனில் பீட்டில்ஸ் ஒரே நாளில் 10 பாட்டை முடித்தார்கள். பெரும்பாலும் மேடையில் பாடிப் பழகியவை. ஜான் லெனனுக்கு ஜலதோஷம்; அதனால் தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' கடைசியில்தான்.

மறுமுறை சுருதி, வேகம், வரிசை எல்லாம் வீட்டிலேயே முடிவு பண்ணி, தாளில் எழுதிக்கொண்டு போனோம். மூன்றே மணி நேரம்!

வளையல்? இன்னும் அடகுக்கடையில்தான். பாட்டைக் கேட்டுச் சிரிக்கிற தங்கச்சி, என்னைப் பார்த்தால் மட்டும் வெறும் கையைத் தடவிக்கொள்கிறது!