மோட்டார் வண்டியின் குளிர்ச்சாதனம்: வாயு நிரப்புமுன் அறியவேண்டுவன

வேனிற்காலத்து நண்பகலில் மோட்டார் வண்டியிற் செல்வார்க்குக் குளிர்ச்சாதனம் இன்று இன்றியமையாததாய்விட்டது. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாக்கார்டு கம்பெனியார் இதனைத் தம் வண்டிகளில் அமைத்து விற்கத் தொடங்கியபொழுது இது செல்வர்க்கே உரிய அரும்பொருளாயிருந்தது; இன்றோ சிறு வண்டிகளிலும் காணப்படுகின்றது. இது பழுதுற்றால், "வாயு தீர்ந்துவிட்டது, நிரப்பினாற் சரியாய்விடும்" என்பதே பலரும் கூறும் தீர்ப்பு. இத்தீர்ப்பு எத்துணை அளவிற்கு உண்மை என்பதையும், வீட்டிலிருந்தே நாம் செய்யத்தக்கன, தகாதன இவை என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இச்சாதனம் தொழில்புரியும் முறையை அறிதல் வேண்டும். திரவம் ஆவியாகும்பொழுது தன்னைச் சூழ்ந்த பொருள்களின் உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்ளும். கம்ப்ரஸர் என்னும் யந்திரம் வாயுவை நெருக்கிச் சூடேற்றி அனுப்ப, வண்டியின் முகப்பிலுள்ள கண்டென்ஸர் அச்சூட்டை வெளிக்காற்றிற் போக்கி அதனைத் திரவமாக்குகின்றது. அத்திரவம் நுண்ணிய வால்வு ஒன்றின் வழியே, நம் தொழிலாளர் 'கூலிங் காயில்' என வழங்கும் குழாய்த் தொகுதியுட் புகுந்து, ஆங்கு ஆவியாகி, உள்ளே வீசும் காற்றைக் குளிர்விக்கின்றது. பின்னர் அவ்வாவி கம்ப்ரஸரை மீண்டும் அடைகின்றது. பெட்ரோல் எரிந்து செலவாவது போல இவ்வாயு செலவாவதன்று; அடைபட்ட வழியில் ஓயாது சுழன்றுகொண்டேயிருப்பது. ஆகவே வாயு குறைந்ததாயின், அது கசிந்து வெளியேறிற்று என்பதே பொருள். ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் பொருத்துவாய்களின் வழியாகவும் ஆண்டுதோறும் மிகச் சிறிதளவு கசிதல் இயல்பு. ஒரே பருவத்திற் குறையுமாயின் எங்கோ ஒரு துளை உண்டென்பது திண்ணம்.

எனினும் குளிர்ச்சி குன்றியவிடத்தெல்லாம் வாயுக் குறைவே காரணமென்று கொள்ளலாகாது. காற்று மெலிந்து வீசுமாயின், உட்புறத்து வடிகட்டியில் தூசி படிந்துள்ளதா என்று பார்க்க. ஓடும்பொழுது குளிர்ந்து, நிற்கும்பொழுது குளிர்ச்சி குறையுமாயின், கண்டென்ஸரின் விசிறி சுழல்கின்றதா என்றும், அதன் இதழ்களிடையே புழுதியும் பூச்சிகளும் அடைந்துள்ளனவா என்றும் நோக்குக. மெல்லிய நீர்த்தாரையாற் கழுவுதலே சில சமயங்களிற் போதும். பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரஸரின் முகப்புத் தட்டு 'டக்' என்ற ஒலியுடன் பற்றிச் சுழலாதாயின், பியூஸும் மின்கம்பிகளும் சோதிக்கத்தக்கன. வாயு மிகக் குறைந்தவிடத்தும் அது பற்றாது; வாயுவோடு எண்ணெயும் உடன் சுழல்வதால், வாயு குறைந்த நிலையில் யந்திரம் எண்ணெயின்றித் தேயாதவாறு ஒரு காவற்பொத்தான் அதனை நிறுத்திவிடும். வண்டியின் அடியில் ஜலம் சொட்டுவது பழுதன்று. கால்வைக்கும் இடத்திற் சொட்டினால் வடிகுழாய் அடைபட்டதென அறிக.

கசிவைக் காண்பதும் அரிதன்று. வாயுவோடு எண்ணெயும் வெளிவருவதால், பொருத்துவாய்களில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேற் படிந்த புழுதியுமே பெரும்பாலும் துளையைக் காட்டிக்கொடுக்கும். ஆங்கே சோப்புநீர் பூசினாற் குமிழிகள் எழும். துளையைக் காணாது வாயுவை மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாம்.

இனி, நிரப்பும் முறையைக் கூறுவாம். 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஆர்-134ஏ என்னும் வாயுவும், அண்மைக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்பதும் வழங்குகின்றன. இவற்றுள் எது, எத்தனை கிராம் என்பது என்ஜின் மூடியின் கீழ் ஒட்டிய சீட்டில் எழுதப்பட்டிருக்கும்; ஒன்றற்குப் பதிலாக மற்றொன்றை இடுதலும் கலத்தலும் கூடா. ஆண்டுகள் பல கழிந்து சிறிதே குறைந்த ஆர்-134ஏ வண்டிக்கு மட்டும் சிறு குப்பியால் வீட்டில் நிரப்பலாம். கண்ணாடியும் கையுறையும் அணிக. இத்திரவம் பூஜ்யத்திற்குக் கீழ் 26 பாகை சென்டிகிரேடிலேயே கொதிப்பதாகலின், தோலிற் பட்டால் உறைபுண் உண்டாகும். என்ஜினையும் சாதனத்தையும் இயக்கி, பருத்த குழாயிலுள்ள தாழ்ந்த அழுத்த வாயிலில் மட்டுமே குப்பியை இணைக்க. மற்றை வாயிலில் இணைத்தாற் குப்பி வெடிக்கக்கூடும். குப்பியை நிமிர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகச் செலுத்தி, சமையலறைத் தராசில் அடிக்கடி நிறுத்து, செலுத்திய அளவைக் குறித்துக்கொள்க. குப்பியைச் சூடாக்குதல் ஒருபொழுதும் ஆகாது.

அழுத்தமானியை மட்டும் நம்புவதும் தவறு. நின்ற வண்டியில், 30 பாகை உஷ்ணத்தில், சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 97 ராத்தல் அழுத்தம் காணப்படும். உள்ளே சிறிதேனும் திரவம் எஞ்சியிருக்குமளவும் அவ்வெண் மாறாது. ஆதலின் அது வாயுவின் அளவைக் காட்டாது. இயங்கும்பொழுது தாழ்ந்த பக்கத்து அழுத்தம் மிகுந்தும் குளிர்ச்சி இல்லையாயின், கம்ப்ரஸர் தேய்ந்ததாகவோ வாயு மிகையானதாகவோ இருக்கலாம். அந்நிலையில் மேலும் நிரப்புவது கேட்டையே விளைக்கும். ஒழுக்கை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் பசை மருந்துகள் பிறகு பழுதுபார்க்கும் கருவிகளையே அடைத்துவிடக்கூடுமாதலின் விலக்கத்தக்கன.

குழாய் திறக்கப்பட்டதாயின், அல்லது வாயு முற்றும் வெளியேறியதாயின், வீட்டு முயற்சியை அவ்வளவில் நிறுத்துக. உட்புகுந்த காற்றையும் ஈரத்தையும் பம்பு கொண்டு உறிஞ்சி வெற்றிடமாக்காவிடில், ஈரம் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். மின்சார வண்டிகளிலும் ஹைபிரிட் வண்டிகளிலும் உயர்ந்த மின்னழுத்தம் கம்ப்ரஸரையே இயக்குவதால், அவற்றைத் தேர்ந்த தொழிலாளரிடமே ஒப்புவிக்க.

இவ்வளவு எச்சரிக்கை எற்றுக்கெனின், கசிவது நம் பணம் மட்டுமன்று. பழைய ஆர்-12 வாயு வானத்து ஓஸோன் படலத்தைக் குலைக்குமென்று மொலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் 1974-இல் வெளிப்படுத்தினர். 1987-இல் மாண்ட்ரியால் நகரத்து உடன்படிக்கை அதனைக் கைவிட வழிவகுத்தது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓஸோனைக் கெடுப்பதன்று. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவினும் 1,400 மடங்கிற்கு மேல் உலகைச் சூடாக்க வல்லது. 2016-இல் கிகாலி நகரிற் செய்த திருத்தம் அதனையும் படிப்படியாகக் குறைக்கப் பணிக்கின்றது. துளையை அடையாது ஆண்டுதோறும் நிரப்புவோர், தம் வண்டியைக் குளிர்வித்துத் தம் மக்கள் வாழும் உலகைச் சூடாக்குகின்றனர். ஆகலின், நண்பர்காள், முதலிற் காரணத்தைத் தேடுக. அடுத்துத் துளையை அடைக்க. வாயு நிரப்புதல் இறுதியிலேயே வைக்கத்தக்கது.