மீட்டருக்குள் அணைந்துபோன சிறு பல்பு

மாணவர்களே, இன்று மாலை ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் சாவியைத் திருப்புங்கள். மீட்டரில் நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிகிறதா? இடது சிக்னல், வலது சிக்னல் இரண்டையும் போட்டால் மீட்டருக்குள் விளக்கு மினுக்குகிறதா? இஞ்சினைக் கிளப்பியதும் வேகமுள்ளின் பின்னால் வெளிச்சம் வருகிறதா? பல வீடுகளில் இந்த மூன்றில் ஒன்றாவது அணைந்து கிடக்கும். அதைச் சட்டை செய்யாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

என் அப்பாவும் அப்படித்தான் ஓட்டினார். அவருடைய பழைய காப்சாயில் வேகமுள்ளின் விளக்கு முதலில் போனது. "வேகம் தெரியாட்டி என்னம்மா, இஞ்சின் சத்தம் சொல்லாதா?" என்றார். அடுத்து சிக்னல் காட்டும் விளக்கு போனது. காப்சாயில் வளைவு முடிந்ததும் சிக்னல் தானாக அணையாது. நாம்தான் அணைக்க வேண்டும். மறந்தால் நினைவூட்டுவதற்கு அந்தச் சிறு விளக்கை விட்டால் வேறொன்றும் இல்லை. ஒருநாள் இரவு வேலைக்குப் போகும்போது, இடது சிக்னல் மினுக்கிக்கொண்டே இருக்க, அப்பா நேராகப் போய்க்கொண்டிருந்தார். இடப்பக்கச் சந்தில் காத்திருந்த கார்க்காரர், இவர் சந்துக்குள் திரும்பப் போகிறார் என்று நினைத்துக் காரை வெளியே எடுத்துவிட்டார். அப்பா பிரேக் பிடித்து விழுந்ததில் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. கார்க்காரர் மீது தப்பே இல்லை. ஓரிரு ரிங்கிட் பல்பு ஒன்று அணைந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பல்பு ஏன் போகிறது? அதன் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பிச் சுருள் இருக்கிறது. உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை கொண்டது டங்ஸ்டன்: 3,422 டிகிரி செல்சியஸ். பல்பு எரியும்போது கம்பி 2,000 டிகிரிக்கு மேல் சூடாகிறது. காற்று பட்டால் அந்தச் சூட்டில் நொடியில் கருகிவிடும் என்பதால்தான் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றை நீக்கிவிடுகிறார்கள். கம்பி உருகுவதில்லை. ஆனால் அந்தச் சூட்டில் அணு அணுவாக ஆவியாகிறது. ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியின் உட்புறத்தில் போய்ப் படிகிறது. பழைய பல்பு ஒன்றின் கண்ணாடி கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கறுப்பு கம்பியிலிருந்து வந்ததுதான்.

கம்பி எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. கொஞ்சம் மெலிந்த இடத்தில் மின்தடை அதிகம். தடை அதிகமான இடத்தில் சூடு அதிகம். சூடு அதிகமான இடம் இன்னும் வேகமாக ஆவியாகும். அதனால் இன்னும் மெலியும். இப்படி ஒரே இடம் தேய்ந்து தேய்ந்து கடைசியில் அறுந்துபோகிறது. அறுவது பெரும்பாலும் விளக்கைப் போடும் அந்தக் கணத்தில்தான். அதற்கும் காரணம் இருக்கிறது. குளிர்ந்த டங்ஸ்டனின் தடை, எரியும்போது இருக்கும் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதனால் முதல் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். மெலிந்த இடம் மற்ற இடங்களை முந்திக்கொண்டு சூடாகி, தாங்காமல் போய்விடும்.

வகுப்பில் 'அருஸ்', 'ரிந்தாங்கான்' என்று படிக்கிறீர்களே, அந்த மின்னோட்டத்தையும் மின்தடையையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல்பில் 12 வோல்ட், 1.7 வாட் என்று எழுதியிருந்தால், மின்னோட்டம் 1.7-ஐ 12-ஆல் வகுத்தது, சுமார் 0.14 ஆம்பியர். மின்தடை 12-ஐ 0.14-ஆல் வகுத்தது, சுமார் 85 ஓம். இந்த 85-ஐ நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும். இதே பல்பை மேசைமேல் வைத்து மல்டிமீட்டரால் அளந்தால் 85 வராது. பத்து ஓம் பக்கத்தில்தான் காட்டும். மல்டிமீட்டர் கெட்டுவிட்டது என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் சொல்வார்கள். கெடவில்லை. நீங்கள் அளந்தது குளிர்ந்த கம்பியை.

நம் நாட்டில் இந்தப் பல்புகளுக்கு வேலை கொஞ்சம் அதிகம். 1992 முதல் மலேசியாவில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டே ஓட வேண்டும். பெரும்பாலான மோட்டார்களில் முன்விளக்கோடு மீட்டர் விளக்கும் சேர்ந்தே எரியும். ஆக, வெயிலில் யார் கண்ணுக்கும் தெரியாமல் அது நாள் முழுக்கத் தேய்ந்துகொண்டிருக்கிறது. சாலைக் குழியில் விழும் ஒவ்வொரு அதிர்ச்சியும் கூடச் சேர்கிறது. நெடுநேரம் எரிந்த டங்ஸ்டன் எளிதில் நொறுங்கக்கூடியது. ஆனால் புதிதாகப் போட்ட பல்பு ஓரிரு மாதத்திலேயே திரும்பத் திரும்பப் போனால், பல்பைத் திட்டாதீர்கள். மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இஞ்சினை முறுக்கும்போது பேட்டரி முனைகளில் 15 வோல்டுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டரைப் பட்டறையில் காட்ட வேண்டும்.

மாற்றும் வேலை பெரிதல்ல. சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிடுங்கள். கைப்பிடி மூடியின் திருகாணிகளை எடுத்தால் மீட்டரின் பின்புறம் தெரியும். பல்பு ஒரு ரப்பர் பிடிப்பில் உட்கார்ந்திருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பரைப் பிடித்து இழுக்க வேண்டும். இவ்வகைப் பல்புகளுக்குத் திருகுமுனை கிடையாது. கண்ணாடியை நேராக இழுத்தாலே வந்துவிடும். பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால், பிடிப்பின் உள்ளே பாருங்கள். செம்புத் தகட்டில் பச்சையாகப் பூத்திருந்தால் அது மழைநீரின் வேலை. மணல்தாளால் மெல்லத் தேய்த்தால் போதும். எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் ஒருமுறை எரியவைத்துப் பார்க்கவும். மூடி முடித்த பிறகு மறுபடி கழற்றிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

பழைய பல்பில் எத்தனை வாட் எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். 3.4 வாட் பல்பு இருந்த இடத்தில் 5 வாட் பல்பும் பொருந்தும். வெளிச்சம் கூடும், ஆனால் சூடும் கூடும். மீட்டரின் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

"எல்இடி போட்டால் என்ன, டீச்சர்?" என்று கேட்பீர்கள். போடலாம். அதில் தேய்வதற்குக் கம்பி கிடையாது, மின்சாரமும் கொஞ்சம்தான். ஆனால் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் போட்டுவிட்டு மறுநாள் என் மேசைக்கு வந்தான். நியூட்ரல் விளக்குக்குச் சிவப்பு எல்இடி வாங்கியிருந்தான். சுத்தமாக வெளிச்சமே இல்லை. அது எளிது. மீட்டரில் இருப்பது பச்சைப் பிளாஸ்டிக். பச்சை ஒளியை மட்டும் விட்டு மற்றதை விழுங்கிவிடும். சிவப்பு எல்இடியிடம் பச்சை ஏது? வெள்ளை பல்பு போட்டதும் சரியாகிவிட்டது.

அவனுடைய இரண்டாவது புகார்தான் சுவையானது. "டீச்சர், இடது சிக்னல் போட்டா மீட்டர்ல மினுக்குது. வலது போட்டா மினுக்கலை. வெளியில சிக்னல் மட்டும் ரெண்டு பக்கமும் நல்லா வேலை செய்யுது."

அவன் மோட்டாரில், பல காப்சாய்களில் இருப்பதுபோல, இரண்டு பக்கச் சிக்னலுக்கும் சேர்த்து மீட்டரில் ஒரே விளக்குதான். அதன் ஒரு முனை இடது சிக்னல் வயரில், மறுமுனை வலது சிக்னல் வயரில். தரையிணைப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. இடது சிக்னல் போட்டால், மின்னோட்டம் இடப்பக்க வயரிலிருந்து மீட்டர் விளக்கு வழியாக, அணைந்திருக்கும் வலப்பக்கப் பல்புகளைக் கடந்து தரைக்குப் போகிறது. வலது போட்டால் இதே பாதையில் எதிர்த்திசையில். கம்பிப் பல்புக்கு எந்தத் திசையில் பாய்ந்தாலும் ஒன்றுதான். எல்இடியோ ஒரு டையோடு. ஒரு திசையில் மட்டுமே விடும். அவன் அதைத் திருப்பிச் செருகியிருந்தால் வலது மினுக்கும், இடது மினுக்காது.

அப்படியானால் வலப்பக்கப் பல்புகளும் சேர்ந்து எரிய வேண்டாமா? இங்கேதான் அந்த 85 ஓம் வேண்டும். வெளிச் சிக்னல் பல்பு 12 வோல்ட், 10 வாட். அதன் தடை 14.4 ஓம். முன்னும் பின்னும் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில் இருப்பதால் 7.2 ஓம். இதோடு மீட்டர் விளக்கின் 85 ஓம் தொடர் இணைப்பில் இருக்கிறது. தொடர் இணைப்பில் பெரிய தடைக்குத்தான் பெரிய பங்கு மின்னழுத்தம். 12 வோல்டில் 11-க்கு மேல் மீட்டர் விளக்குக்குப் போய்விடும். வெளிப் பல்புகளுக்கு 1 வோல்டுகூட மிஞ்சாது. நாம் சூடான கம்பியின் தடையை வைத்துக் கணக்கிட்டோம். குளிர்ந்த தடையை வைத்தால் மிச்சம் இன்னும் குறைவு. அதில் அவை எரியா.

இப்போது வெளியே நான்கு சிக்னலையும் எல்இடியாக மாற்றி, மீட்டரில் மட்டும் பழைய கம்பிப் பல்பை விட்டுவிட்டால் என்ன ஆகும்? எல்இடிக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். மீட்டர் விளக்கின் வழியாகக் கசிந்து வருவதே அடுத்த பக்கத்தை எரியவைத்துவிடும். இடது போட்டாலும் நான்கும் மினுக்கும், வலது போட்டாலும் நான்கும் மினுக்கும். பின்னால் வரும் லாரிக்காரர் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? சாலையில் இப்படி நான்கும் மினுக்கியபடி திரும்பும் மோட்டார்களை நான் பார்த்திருக்கிறேன். மீட்டர் விளக்கின் ஒற்றை இணைப்பை இரண்டு டையோடுகள் வழியாகப் பிரித்து, அதற்கு ஒரு தரையிணைப்பு கொடுத்தால் சரியாகிவிடும். அதைப் பட்டறைக்காரரிடம் விடுவது நல்லது.

என் மாணவனுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. சிக்னல் காட்டும் இடத்தில் மறுபடி 1.7 வாட் கம்பிப் பல்பையே போட்டான். அப்பாவின் மோட்டாருக்கும் நான் அதைத்தான் வாங்கிப் போட்டேன்.

கழற்றிய பல்பைத் தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அறுந்த முனைகளைப் பாருங்கள். முனையில் குட்டி உருண்டை போலத் திரண்டிருந்தால், எரிந்துகொண்டிருக்கும்போது அந்த இடம் உருகி அறுந்திருக்கிறது. கூராக, வெட்டியதுபோல முறிந்திருந்தால், அணைந்திருந்தபோது அதிர்ச்சியில் ஒடிந்திருக்கலாம். சாலை விபத்தை ஆராய்பவர்களும் நொறுங்கிய வாகனங்களின் பல்புக் கம்பியை இப்படித்தான் பார்க்கிறார்கள். மோதும் கணத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், சூடான கம்பி இழுபட்டு நீண்டுபோயிருக்கும். அணைந்திருந்தால் அப்படியே ஒடிந்திருக்கும். அப்பாவின் பல்பில் இருந்தது உருண்டை.